கலைச்சொல் உதவி: மில்லிங் மேசையின் ‘டிராவல்’ – திங்களுக்குள் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வீட்டுப் பட்டறை வைத்திருப்பவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் ஒரு அத்தியாயம், சிறிய மில்லிங் எந்திரத்தில் (சுழலும் வெட்டியால் உலோகத்தைச் செதுக்குவது) டேபிள் டிராவலை, அதாவது வேலைப்பொருளைத் தாங்கும் மேசை நகரக்கூடிய தூரத்தை, எப்படிக் கூட்டுவது என்பது. மென்பொருளிடம் கேட்டால் ‘அட்டவணைப் பயணம்’ என்கிறது. ரயில்வே கையேடு என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

‘மேசை நீளம்’ என்று போட்டுத் தப்பிக்கவும் வழியில்லை. சீக் எக்ஸ்2 என்ற சிறிய மில்லிங் எந்திரத்தில் மேசை சுமார் 390 மி.மீ. நீளம். ஆனால் அது இடவலமாகப் போய்வரக்கூடியது 220 மி.மீ. அளவுதான். இந்த இரண்டும் வேறு வேறு என்று விளக்குவதற்குத்தான் அத்தியாயமே. ஒரு நல்ல சொல் கொடுங்கள்.

புலவர் ஐயா எழுதியது:

சொல் ஏற்கெனவே இருக்கிறதே! ‘செலவு’. செல்லுதல் என்ற பொருளில்தான் தொல்காப்பியர் ‘செலவினும் வரவினும்’ என்று கிளவியாக்க இயலில் ஒரு நூற்பாவைத் தொடங்குகிறார். பாலைத் திணையில் தலைவன் பிரிந்து போவது செலவு, போகாமல் தயங்கி நிற்பது செலவழுங்கல். மேசை ஒரு பக்கம் போவது செலவு, திரும்புவது வரவு. செல், சேறல், செலவு எல்லாம் ஒரே வேர். செல்வம்கூட ஓரிடத்தில் நில்லாமல் சகடக்கால்போல, அதாவது வண்டிச் சக்கரம்போல, உருளும் என்பார்கள். மேசையும் அப்படித்தானே உருள்கிறது?

கோவைப் பட்டறை எழுதியது:

ஐயா, ‘மேசையின் செலவைக் கூட்டுவது எப்படி’ என்று தலைப்புப் போட்டால் எவன் வாங்குவான்? இருக்கிற செலவே கட்டுப்படியாகவில்லை. இன்னொன்று, மேசை உருள்வதில்லை, வழுக்குகிறது.

சொல் தேடுவதற்கு முன்னால் பொருள் என்ன என்று பார்த்துவிடலாம். மேசைக்கு அடியில் சேடில் இருக்கிறது. மேசை அதன்மேல் வழுக்கிப் போகிறது. மேசையின் இரு முனைகளிலும், மேசையை நகர்த்தும் திருகைத் தாங்கும் பிராக்கெட்டுகள். ஒரு பிராக்கெட் வந்து சேடிலில் முட்டினால் அந்தப் பக்கம் முடிந்தது. அதனால் மேசை நீளத்தில் சேடில் அகலத்தைக் கழித்தால் டிராவல் ஏறக்குறைய வந்துவிடும். பிராக்கெட்டுக்குப் பின்னால் கட்டை கொடுத்து வெளியே தள்ளி, நீளமான திருகு போட்டால் கொஞ்சம் கூடும். ஆனால் கடைசியில் மேசை முனை சேடிலுக்குள் போய்விடும், பிடிப்பு குறையும், ஒரு பக்கம் தொங்கும், மேசையை இறுக்கிப் பிடிக்கும் ஜிப் என்ற பட்டை சீக்கிரம் தேயும். ஒழுங்காகச் செய்வதென்றால் நீளமான மேசையே வாங்கி மாட்ட வேண்டும். முன்பின் பக்கம் வேறு கதை. அங்கே சேடில், எந்திரத்தின் தலையைத் தாங்கும் தூணில் முட்டுகிறது. தூணுக்கும் அடித்தளத்துக்கும் நடுவே தடித்த இரும்புக் கட்டை வைத்துத் தூணைப் பின்னால் தள்ளுவார்கள். கட்டையின் இரு முகமும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால் தூண் சாய்ந்துவிடும். அப்புறம் துளை எதுவும் நேராக விழாது.

பட்டறையில் நாங்கள் ‘டேபிள் எவ்வளவு ஓடும்?’ என்றுதான் கேட்போம். ஆகவே ‘ஓட்டம்’.

யாழ்ப்பாண ஆசிரியர் எழுதியது:

‘எட்டம்’ என்று ஒரு சொல் எங்கள் பக்கம் புழக்கத்தில் இருக்கிறது. ‘கடை கொஞ்சம் எட்டத்திலே’ என்போம். மேசை எதுவரை எட்டுமோ அதுவே மேசை எட்டம். ‘பெயர்ச்சி’ என்று யாராவது சொல்லக்கூடும், அது பொருந்தாது. பௌதிகத்தில் இடப்பெயர்ச்சி என்பது புறப்பட்ட இடத்துக்கும் நின்ற இடத்துக்கும் இடைப்பட்ட அளவு. மேசை போய்த் திரும்பி வந்தால் இடப்பெயர்ச்சி சைபர்.

கோவைப் பட்டறை:

பெயர்ச்சி என்றால் இங்கே சனிப்பெயர்ச்சிதான் நினைவுக்கு வரும். மேசைப் பெயர்ச்சிப் பலன்கள் என்று இன்னொரு அத்தியாயம் சேர்க்க வேண்டியிருக்கும்.

பாலிடெக்னிக் ஆசிரியர் எழுதியது:

எட்டம் அழகான சொல்தான். ஆனால் என் மாணவர் ‘மேசை எட்டம் 220’ என்று படித்தால் அச்சுப்பிழை, ‘எட்டாம்’ என்று திருத்திக்கொள்வார். என் பரிந்துரை ‘நகர்வு’. தெளிவாக இருக்கிறது, யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். ‘வீச்சு’ வேண்டாம், அது அலைகளின் பாடத்தில் வருகிறது.

யாழ்ப்பாண ஆசிரியர்:

எங்களுக்கு அது வீச்சம். நீங்கள் முடுக்கம் என்பதை நாங்கள் ஆர்முடுகல் என்கிறோம். முதலில் அதைத் தீர்த்துவிட்டு மேசைக்கு வரலாமே.

மட்டுறுத்துநர்:

ஆர்முடுகலுக்குத் தனி இழை தொடங்கவும். தயவுசெய்து.

கோவைப் பட்டறை:

வீச்சு வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடு, ஆனால் காரணம் வேறு. ஷேப்பர் எந்திரத்தில் வெட்டியைத் தாங்கும் ராம் முன்னும் பின்னும் ஓயாமல் போய்வருகிறதே, அது ஸ்ட்ரோக். அதற்கு வீச்சு சரியாக இருக்கும். மில்லிங்கில் அப்படி இல்லை. நாம் சொல்வது மேசை நகரக்கூடிய எல்லையை. நகர்வு என்றால் நகர்கிற செயலா, எவ்வளவு நகரும் என்ற அளவா என்று குழப்பம் வரும்.

புலவர் ஐயா:

ஓட்டத்திலும் அதே குழப்பம் உண்டு. மின்னோட்டம், குருதியோட்டம், கிரிக்கெட் ஓட்டம் எல்லாம் இருக்கிறது. தவிர, இத்தனை பேர் தூய்மை பேசுகிறீர்கள், ‘மேசை’ போர்த்துக்கீசியச் சொல் என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. ‘தட்டு’ என்று வையுங்கள். தட்டுச் செலவு.

பாலிடெக்னிக் ஆசிரியர்:

ஹோட்டல் பில் மாதிரி இருக்கிறது ஐயா. மேசை, சாவி, அலமாரி எல்லாம் போர்த்துக்கீசியத்திலிருந்து வந்து நம் வீட்டிலேயே தங்கிவிட்டவை. அவற்றை இனி வெளியே அனுப்ப முடியாது.

புதிய உறுப்பினர் எழுதியது:

டிராவல் என்றே எழுதினால் என்ன? வடசொல்லையே வடவெழுத்தை நீக்கி ஏற்கலாம் என்று தொல்காப்பியம் சொல்கிறதே.

புலவர் ஐயா:

‘வடவெழுத்து ஒரீஇ’, அதாவது நீக்கி, எழுதச் சொன்னவர், டகரம் சொல்லுக்கு முதலில் வராது என்றும் சொன்னார். ‘இடிராவல்’ என்று எழுதச் சம்மதமா?

கோவைப் பட்டறை:

ஓட்டத்துக்கு ஒரு ஆதாரம் கிடைத்தது. தேரோட்டம், வெள்ளோட்டம். கனமான பொருள் தரையை விட்டு எழாமல் வழியோடு போவதைத் தமிழன் ஓட்டம் என்றுதான் சொல்லியிருக்கிறான். தேரை நிறுத்தச் சக்கரத்தடியில் போடுவது முட்டுக்கட்டை. எந்திரத்தில் டிராவல் ஸ்டாப் என்கிறோமே, அதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

யாழ்ப்பாண ஆசிரியர்:

முட்டுக்கட்டைக்கு என் முழு ஆதரவு.

பாலிடெக்னிக் ஆசிரியர்:

எனக்கும்தான். யாருமே கேட்காத சொல்லுக்கு அரை மணி நேரத்தில் ஒருமித்த முடிவு!

மொழிபெயர்ப்பாளர்:

மிக்க நன்றி. ஆனால் நான் கேட்டது இன்னும் வரவில்லை. நேரமில்லாததால் நானே முடிவெடுக்கிறேன். முதல் தடவை ‘மேசையின் ஓட்ட எல்லை, அதாவது பட்டறையில் டிராவல் என்பது’ என்று விரித்து எழுதுகிறேன். அதன்பின் ‘மேசை ஓட்டம்’. திசை சொல்ல வேண்டிய இடத்தில் இடவல ஓட்டம், முன்பின் ஓட்டம். மறுப்பு இருந்தால் இன்றிரவுக்குள் சொல்லவும்.

பாலிடெக்னிக் ஆசிரியர்:

நகர்வுதான் நல்லது என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் சோர்ந்துவிட்டேன். ஓட்டத்துக்கே என் வாக்கு.

யாழ்ப்பாண ஆசிரியர்:

எனக்கும் சம்மதம். சொற்பட்டியலில் ‘எட்டம்’ என்பதை மாற்றுச் சொல்லாகக் காட்டினால் மகிழ்வேன்.

புலவர் ஐயா:

பெரும்பான்மைக்குத் தடையாக நிற்கவில்லை. மறுப்பை மட்டும் பதிவு செய்கிறேன். பணம் கொடுப்பதற்குச் செலவு என்ற பெயர் பிற்பாடு வந்தது. அதற்காக மூத்த பொருளை நாம் இழக்க வேண்டியதில்லை. கையேட்டின் இரண்டாம் பதிப்பு வரும்போது மீண்டும் எழுதுவேன்.

கோவைப் பட்டறை:

வரட்டும் ஐயா. அதற்குள் ஜிப்புக்கு ஒரு சொல் யோசித்து வையுங்கள். டவ்டெயில் என்ற சாய்ந்த பள்ளத்தில் மேசை ஆடாமல் இறுக்கி வைக்கும் ஒல்லியான பட்டை அது. அடுத்த அத்தியாயம் முழுக்க அதுதான் என்று மொழிபெயர்ப்பாளர் தம்பி சொல்கிறார்.