பழைய சங்கிலியை உருக்கி ஆசாரியிடம் செய்யக் கொடுக்கலாமா?

கீழக்கரைத் தாய்:
என் உம்மா எனக்குப் போட்ட ஐந்து பவுன் இரட்டைவடச் சங்கிலி, கொக்கி தேய்ந்து, இரண்டு இடங்களில் பற்றவைக்கப்பட்டுப் பெட்டியில் கிடக்கிறது. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த ஒன்பது கடல்முத்துகளும் உடன் இருக்கின்றன. இவற்றைக் கொண்டு மகளின் நிக்காஹுக்கு ஒரு கழுத்தணி செய்ய விரும்புகிறேன். எங்கள் தெரு ஆசாரியிடம் கொடுப்பதா, கடையில் மாற்றிப் புதிதாக வாங்குவதா என்று அனுபவப்பட்டவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

தொண்டிக் கரையோன்:
கடையில் வாங்குங்கள், சகோதரி. என் மனைவியின் நான்கு பவுன் வளையல்களை உருக்கிப் புதிதாகச் செய்து வாங்கினோம். எடை சரியாகவே இருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து அடகு வைக்கப் போனபோது, தூய்மை 84 விழுக்காடுதான் என்றார்கள். 22 காரட் என்றால் 91.6 இருக்க வேண்டும். 32 கிராமில் ஏறத்தாழ 2.4 கிராம் சொக்கத்தங்கம் குறைந்திருக்கிறது. கையெழுத்திட்ட சீட்டு எதுவும் இல்லாததால் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் விட்டுவிட்டோம். ஹால்மார்க் முத்திரையும் ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி குறியீடும் உள்ள நகையில் இந்தத் தவிப்பு இல்லை.

மண்டபம் ஆசாரி மகன்:
'தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான்' என்று, பெற்ற தாயின் பொன்னிலும் தட்டான் சிறிது எடுத்துக்கொள்வான் எனப் பழிக்கும் பழமொழியைக் கேட்டே வளர்ந்தவன் நான். அண்ணனுக்கு நேர்ந்தது அநியாயம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த 84 என்பது உருக்குவதற்கு முன்பே அந்த வளையல்களில் இருந்ததா, பின்னர் வந்ததா என்பதை யாரும் சோதிக்கவில்லை. பழைய நகைகளில் பொடி வைத்துப் பற்றவைத்த இடங்கள் ஏராளம். அந்தப் பொடியில் தங்கத்தைவிட மற்ற உலோகமே கூடுதலாக இருந்தால், மொத்தமாக உருக்கும்போது மாற்று, அதாவது பொன்னின் தூய்மை, குறையத்தான் செய்யும்.

வேலையில் வீணாகும் பொன் என்று கணக்கிடும் சேதாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் தந்தையார் வெங்காரம் (போராக்ஸ்) இட்டு, மூசை என்னும் உருக்கும் கிண்ணத்தில் உருக்கி, கட்டியாக ஊற்றி, கம்பி அச்சில் இழுத்து, அரத்தால் ராவும்போது விழும் பொடியைக் கூடத் தட்டில் சேர்த்து எடையில் காட்டுவார். கடையிலோ எந்திரத்தில் செய்த சங்கிலிக்கும் பன்னிரண்டு விழுக்காடு சேதாரம் கேட்டால், ஐந்து பவுனுக்கு 4.8 கிராம் தங்கத்தின் விலையை, அன்றைய சந்தை விலையிலேயே, வாங்குபவர் கொடுக்கிறார். தங்கம் விலை ஏற ஏற அந்தத் தொகையும் ஏறுகிறது. எந்திரத்தின் வேலை மட்டும் கூடவில்லை. உம்மா தந்த பொன்னே மகள் கழுத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசைக்கும் கடையில் இடமில்லை, ஏனெனில் நீங்கள் கொடுப்பது வேறொரு மூசைக்குப் போய்விடும்.

தொண்டிக் கரையோன்:
உங்கள் தந்தையாரைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, தம்பி. என் வாதம் நேர்மையைப் பற்றியதன்று, சான்றைப் பற்றியது. பி.ஐ.எஸ் எனும் இந்தியத் தர நிர்ணய அமைப்பில் பதிவு பெற்ற நகை வணிகர்தான் முத்திரைக்கு அனுப்ப முடியும். முத்திரையிட்ட நகையில் தூய்மை குறைந்தால், அந்தக் குறைவுக்கு ஈடான தொகையின் இரு மடங்கையும் சோதனைக் கட்டணத்தையும் இழப்பீடாகக் கேட்க விதிகளில் வழி உண்டு. வாய்ப்பேச்சில் செய்த நகைக்கு அந்த வழி இல்லையே! உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதை மட்டும் நம்பி ஐந்து பவுனைக் கொடுக்கச் சொல்கிறீர்களா?

மண்டபம் ஆசாரி மகன்:
உரைகல்லை மட்டும் நம்பச் சொல்ல மாட்டேன். பதிவு இல்லாவிட்டாலும், பொதுமக்கள் தம் பொன்னை மதுரையிலுள்ள மதிப்பீட்டு மையத்தில் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம். எனவே சங்கிலியை உங்கள் கண்ணெதிரே உருக்கச் சொல்லி, கட்டியை எடை போட்டு, முதலில் அதைச் சோதித்து வாருங்கள். மாற்று, எடை, கூலி, ஒப்புக்கொண்ட சேதாரம், முடிக்கும் நாள் ஆகியவற்றைத் தாளில் எழுதி இருவரும் ஒப்பமிட்ட பின்னரே வேலை தொடங்கட்டும். கூலியை விழுக்காடாகப் பேசாமல் ரூபாயாகப் பேசுங்கள்.

முத்துகளை எண்ணி, தனியே எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். நெருப்பும் அமிலமும் முத்தைக் கெடுக்கும். ஆகையால் பற்றவைத்து, அமிலத்தில் இட்டு, மெருகேற்றிக் கழுவிய பிறகுதான் முத்தைப் பதிக்க வேண்டும். இதைச் சொல்லாமலேயே செய்கிற ஆசாரியா என்று பாருங்கள்; அதுவே அவருடைய தேர்ச்சியை உங்களுக்குக் காட்டிவிடும்.

தொண்டிக் கரையோன்:
கட்டியைச் சோதிப்பதை ஏற்கிறேன். ஆனால் அது போதாது. பற்றுப்பொடி அதன் பிறகுதானே சேர்கிறது? முத்து பதிப்பதற்கு முன், முடிந்த நகையையும் சோதிக்க வேண்டும். எக்ஸ்ரே கருவி மேற்பரப்பை மட்டுமே பார்க்கும் என்பதால், பற்றுள்ள இடங்களையும் தனித்தனியே பார்க்கச் சொல்லுங்கள். இந்த இரண்டாம் சோதனைக்கு ஆசாரி இணங்காவிட்டால் கட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள், சகோதரி.

மண்டபம் ஆசாரி மகன்:
இதில் எனக்கு மறுப்பில்லை, அண்ணன். நல்ல வேலைக்காரர் இதற்குக் கோபிக்க மாட்டார்.

கீழக்கரைத் தாய்:
இரண்டு சோதனைகளையும் சொல்லித்தான் ஆசாரியிடம் பேசப்போகிறேன். முத்துகளை இப்போதே எண்ணிப் பார்த்தேன்; ஒன்றில் துளை அகன்றிருக்கிறது, அதை மட்டும் தனியே வைத்துவிட்டேன்.