தீட்சிதர் நினைவு நாளை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ள வேண்டாம்

எட்டயபுரத்து மும்பைவாசிகள் எல்லோருக்கும் வணக்கம்.

கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் நினைவு நாளுக்காக வந்த யோசனைகளைப் படித்தேன். தீபாவளி கழிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை, மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஒரு ஹால், பெரிய வித்வான் ஒருவரின் கச்சேரி, அப்புறம் இலைச் சாப்பாடு. வரவு செலவு வரைக்கும் கணக்குப் போட்டு அனுப்பிய அண்ணாச்சிக்கு நன்றி. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு ஒட்டவில்லை.

தீட்சிதர் நம் ஊரில் மறைந்தது 1835-இல், தீபாவளியன்று. சீடர்களைப் பூர்விகல்யாணி ராகத்தில் ‘மீனாட்சி மே முதம் தேஹி’ பாடச் சொன்னார், ‘மீனலோசனி பாசமோசனி’ என்ற வரி வந்தபோது உயிர் பிரிந்தது என்று வழிவழியாகச் சொல்வார்கள். திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை என்றால் அதற்கு வேறு பண்டிகை போட்டி கிடையாது. நமக்கு வாய்த்ததோ தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்து, இட்லியும் கறிக்குழம்புமாகச் சாப்பிட்டு, சரம் கொளுத்திவிட்டு மதியம் படுத்துவிடுகிற நாள். அந்த அமளியில் சமாதிப் பக்கம் யாருக்குக் கால் போகும்?

மும்பையில் கதை வேறு. இங்கே லீவெல்லாம் லட்சுமி பூஜைக்கும் பாட்வாவுக்கும்தான். நம் தீபாவளியான நரக சதுர்த்தசி பல ஆபீஸ்களில் வேலை நாள். ஆனால் மராத்திக்காரர்களும் அன்று இருட்டோடு எழுந்து உட்டணை என்கிற வாசனைப் பொடி தேய்த்துக் குளித்துவிடுவார்கள். அதோடு அவர்களுக்கு ‘திவாளி பஹாட்’ என்று ஒரு பழக்கம் உண்டு. தீபாவளி நாட்களில் விடியற்காலையில் மைதானத்திலும் அரங்கத்திலும் பாட்டுக் கச்சேரி. புதுத்துணியும் தலையில் பூவுமாகக் குடும்பத்தோடு போய் உட்கார்ந்து கேட்பார்கள். ஊரே அப்படிக் காலையில் பாட்டுக் கேட்கும்போது, நாமும் ஒரு மூலையில் தீட்சிதரைப் பாடினால் என்ன? ஆறரைக்கு ஆரம்பித்தால் எட்டு மணிக்கு முடித்து லோக்கல் ரயில் பிடித்துவிடலாம்.

வித்வான் வேண்டாம். முலுண்டிலும் செம்பூரிலும் பாட்டு வகுப்புக்குப் போகும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களே ‘மீனாட்சி’யையும், அமிர்தவர்ஷிணியில் ‘ஆனந்தாமிர்தாகர்ஷிணி’யையும் பாடட்டும். இரண்டாவது நம் பாட்டு. எட்டயபுரம் வரும் வழியில் காய்ந்து வெடித்துக் கிடந்த கரிசலைப் பார்த்து ‘வர்ஷய வர்ஷய’ என்று பாடினார், மழை கொட்டியது என்பது கதை. மழை நிற்காமல் போகவே ‘ஸ்தம்பய’ என்று பாடி நிறுத்தினாராம். இந்தப் பின்பாதியைக் கரிசல்காட்டுக்காரன் கட்டியிருக்க மாட்டான். வானம் பார்த்த பூமியில் மழையைப் போதும் என்று எவன் சொல்வான்?

பாரதிக்கும் சேர்த்து ஒரே விழாவாக வைக்கலாமே என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். பாரதிக்கு டிசம்பர் 11 இருக்கிறது. ஊர்ப்பெயர் சொன்னாலே எல்லோருக்கும் அவர்தான் ஞாபகம் வருகிறார். உமறுப் புலவர் அடங்கியிருப்பதும் நம் ஊரில்தான் என்று சொன்னால் பாதிப் பேர் ‘அப்படியா?’ என்கிறார்கள். தீட்சிதருக்கும் அதே நிலைமைதான், அவரைத் திருவாரூரோடு நிறுத்திவிடுகிறார்கள். பிறந்தது அங்கே, சரி. ஆனால் அவர் தம்பி பாலுசுவாமி, கர்நாடக சங்கீதத்துக்குள் வயலினைக் கொண்டுவந்தவர், நம் சமஸ்தான வித்வான். அவருடைய மகள் வயிற்றுப் பேரனும் சுவீகாரப் பிள்ளையுமான சுப்பராம தீட்சிதர் எழுதிய ‘சங்கீத சம்பிரதாய பிரதர்ஷினி’ 1904-இல் அச்சானதும் நம் ஊர் வித்யா விலாசினி அச்சகத்தில்தான். தெலுங்கு எழுத்து, ஸ்வரங்களோடு, அவற்றை அசைத்துப் பாடும் கமகத்துக்குக் கமகம் தனிக்குறி. தீட்சிதர் கிருதிகள் மட்டும் 229. பாடம் சரியா என்று சந்தேகம் வந்தால் இன்றைக்கும் வித்வான்கள் அந்தப் புத்தகத்தைத்தான் புரட்டுகிறார்கள்.

ஹாலுக்கும் கச்சேரிக்கும் ஒதுக்க நினைத்த பணத்தை ஊருக்கு அனுப்பலாம் என்பது என் எண்ணம். தீபாவளிக் காலையில் சமாதியில் ஒரு நாதஸ்வர செட்டுக்குச் சன்மானம், மீதியில் ஊர்ப் பிள்ளைகளுக்கு வாராவாரம் பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள். அது நடக்குமா என்று ஊரிலிருக்கும் அக்காமார்தான் விசாரித்துச் சொல்ல வேண்டும்.

இங்கே ஐம்பது பேர் உட்காரும் குடியிருப்புச் சொசைட்டி ஹால் கிடைத்தால் போதும். யாருடைய சொசைட்டியில் அந்த அதிகாலையில் திறந்து விடுவார்கள் என்று இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். சுருதிப் பெட்டி என்னிடம் இருக்கிறது. அதற்கு முன்னால் ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்கள் கோவில்பட்டியில் ரயில் ஏறும்போது கடலை மிட்டாய் வாங்கி வந்தால், அன்றைக்குக் காப்பியோடு கொடுக்க வேறு பலகாரம் தேட வேண்டாம்.