கலைச்சொல்: பைப் ஆர்கனில் ‘ஸ்டாப்’

வணக்கம். திருச்சபை வரலாற்று மலர்களில் ‘20 நிறுத்திகள் கொண்ட ஆர்கன்’ என்று எழுதுகிறார்கள். காற்றைக் குழல்களில் செலுத்தி ஒலிக்கும் இந்தக் கருவியில், ஒரு குழல் வரிசையை ஒலிக்கவிட இழுக்கும் குமிழ்தான் ஸ்டாப். அதற்குக் ‘குரல்’ என்று வைக்கலாமா?

மறுமொழி 1:

‘நிறுத்தி’ வேண்டவே வேண்டாம். அது வேலையைத் தலைகீழாகச் சொல்கிறது. காற்றுப்பெட்டியின் மேல் நிற்கும் ஒவ்வொரு குழல் வரிசைக்கும் கீழே துளையிட்ட மரச்சட்டம் ஒன்று உண்டு. ஸ்டாப் குமிழை இழுத்தால் சட்டம் நகர்ந்து, அதன் துளைகள் குழல்களின் கால்துளைகளுக்கு நேராக வரும். கட்டையை அழுத்தினால் அந்தச் சுரத்தின் வால்வு திறக்கும். இரண்டும் திறந்தால்தான் குழலுக்குள் காற்று ஏறும். ஆக, குமிழை இழுப்பது திறக்கத்தான்.

‘குரல்’ அழகான சொல். ஆனால் தமிழிசையில் அது ஏழு சுரங்களில் முதலாவதின் பெயர். சுரத்தைப் பற்றிப் பேசும் இடத்திலேயே வந்து குழப்பும்.

என் பரிந்துரை: வரிசைக்குக் ‘குழலணி’, ஸ்டாப்புக்கு ‘அணித்திறப்பு’. இரண்டும் ஒன்றல்ல. 61 கட்டைகளுக்கும் முழுதாக அமைந்த குழலணியில் 61 குழல்கள். நான்கு அணிகள் சேர்ந்து ஒலிக்கும் ‘மிக்ஸ்ச்சர்’ என்ற ஸ்டாப்புக்குக் குமிழ் ஒன்றே, குழல்களோ 244. ஒரே சொல்லை இரண்டுக்கும் போட்டால் கணக்கு உதைக்கும்.

பழுதை எழுதும்போதும் இது கைகொடுக்கும். ஈரப்பதத்தில் சட்டம் உப்பி இறுகினால் குமிழ் பாதியிலேயே நின்றுவிடும். துளை பாதி மறைந்து, காற்று குறைந்து, சுருதி இறங்கும். ‘அணித்திறப்பு இறுகிவிட்டது’ என்றால் எங்கே பார்ப்பது என்று தெரியும். ‘நிறுத்தி பழுது’ என்றால் ஒலி நிற்கவில்லை என்று நினைப்பார்கள். அது வேறு கோளாறு: வால்வின் தோலில் தூசி சிக்கியோ வில் தளர்ந்தோ, கட்டையை விட்ட பிறகும் குழல் ஒலித்துக்கொண்டே இருப்பது. அதற்கு ‘ஓயாவொலி’ என்று வைக்கலாம். எந்த அணியைத் திறந்தாலும் அதே சுரம் ஓயாமல் ஒலித்தால் கோளாறு வால்வுப் பக்கம்தான்.

மறுமொழி 2:

அணித்திறப்பு எனக்குச் சம்மதம். மறுபக்கமும் உண்டு: குழல் வால்வுகளை மின்சாரத்தால் திறக்கும் மின்விசை ஆர்கன்களில் ஒரே குழலணியை 8 அடி, 4 அடி என இரண்டு அணித்திறப்புகளுக்குப் பகிர்வார்கள். 4 அடி ஒரு ஸ்தாயி மேலே ஒலிப்பதால், மேலே 12 குழல்களைக் கூட்டி 73 ஆக்கினால் போதும். சொற்களைப் பிரித்தது சரி என்பதற்கு இதுவும் சான்று.

‘8 அடி’ என்பதையும் அப்படியே விடக்கூடாது. அதை ஆர்கனின் உயரம் என்று எழுதிவிடுகிறார்கள். திறந்த குழலானால் அடிச்சுரத்துக்கு ஏறத்தாழ 8 அடி, அதாவது 2.4 மீட்டர் நீளம் வேண்டும். நுனி மூடிய குழல் அதில் பாதி நீளத்திலேயே அதே சுருதியைத் தந்துவிடும். ஆகவே ‘8 அடிச் சுருதி’ என்று சேர்த்தே எழுத வேண்டும்.