புதுப்பிப்பு: ஏற்காட்டுக்குக் கொண்டுபோன செயலிகள்

பொங்கல் லீவுக்கு ஏற்காட்டில் அத்தை வீட்டுக்குப் போகிறோம், அங்கே சிக்னல் நிற்காது, 6 வயது மகளுக்கும் 9 வயது மகனுக்கும் விளம்பரம் இல்லாத செயலி சொல்லுங்கள் என்று கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி!

எல்லாவற்றையும் சேலத்திலேயே வைஃபையில் இறக்கிக்கொண்டோம். கொண்டை ஊசி வளைவு 20-ம் முடியும்வரை போனைக் கொடுக்கவில்லை, கொடுத்தால் வாந்திதான்.

திரையில் கட்டளைக் கட்டைகளை வரிசையாகச் சேர்த்துப் பொம்மைகளை இயக்கும் ஸ்க்ராட்ச் ஜூனியர் மகளுக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. இலவசம். கட்டைகளில் படம்தான் இருக்கும், படிக்கத் தெரிய வேண்டியதில்லை. பூனையை நடக்க வைத்தாள். அப்புறம் அத்தையின் குரலைப் பதிவு செய்து, பூனை அடுப்படி வரை போய் "சாப்பிட வாங்க" என்று கூப்பிடும்படி செய்தாள். அத்தை நாலு தடவை போடச் சொல்லிக் கேட்டார்.

ஸ்டோரிவீவர் என்ற குழந்தைகள் கதைத் தளத்திலிருந்து சேமித்த தமிழ்க் கதைகள் தூங்கும் நேரத்துக்கு உதவின.

ஆனால் எனக்கு மனம் நிறைந்தது, போனைக் காட்டும் பக்கத்திலுள்ள நட்சத்திரங்களின் பெயரைச் சொல்லும் ஸ்டெல்லாரியம்தான். மொட்டைமாடியில் மகன் போனை வானத்தில் காட்டி, "பீட்டல்ஜூஸ்" என்று படித்தான். "அதுதான்டா திருவாதிரை" என்றார் அத்தை. அதற்குப் பிறகு அரை மணி நேரம் போனை யாரும் தொடவில்லை.