தெருவுல சுவரோவியம் எடுக்க எந்த லென்ஸ்? பையில ரெண்டுக்குத்தான் இடம்

வழிப்போக்கன்:
வணக்கம் மக்களே. சீக்கிரமே ஒரு நீளமான ட்ரிப் கிளம்புறேன், போற ஊர்லயெல்லாம் தெருச் சுவர்ல பெருசு பெருசா ஓவியம் வரைஞ்சு வச்சிருக்காங்க, இந்த தடவை அதையெல்லாம் நிதானமா நின்னு எடுக்கணும்னு ரொம்ப ஆசை. கேமரா ஏபிஎஸ்-சி சென்சார் (ஃபுல் ஃப்ரேமை விட சின்னது), கையில கேமராவோட வந்த 18-55 கிட் லென்ஸும் 50 எஃப் 1.8-ம் இருக்கு (18, 50 எல்லாம் மி.மீ., நம்பர் சின்னதா இருந்தா அகலமா எடுக்கும்). 10-18 வைட் ஒண்ணு வாங்கலாமா இல்ல ஜூம் இல்லாத 23 பிரைம் வாங்கலாமான்னு குழப்பம். நாள் முழுக்க நடப்பேன், அதனால ரெண்டு லென்ஸுக்கு மேல தூக்க முடியாது. இன்னொண்ணு, உயரமான சுவரை எடுத்தா மேல போகப் போக குறுகி கட்டடமே பின்னாடி சாயுற மாதிரி வருது, அது லென்ஸோட குறையா?

செங்கல்சுவர்:
லென்ஸை விடுங்க, முதல்ல தெரு எவ்வளவு அகலம்னு பாருங்க, உங்களால எவ்வளவு பின்னாடி போக முடியும்ங்கிறதுதான் எல்லாத்தையும் முடிவு பண்ணுது. உங்க சென்சார் அகலம் சுமார் 23 மி.மீ., அதனால 23 லென்ஸ் போட்டா எத்தனை மீட்டர் தள்ளி நிக்கிறீங்களோ கிட்டத்தட்ட அத்தனை மீட்டர் அகலச் சுவர் ஃப்ரேமுக்குள்ள வரும். 6 மீட்டர் சந்துல எதிர்ச் சுவத்துல முதுகை ஒட்டி நின்னா 18-ல ஏழரை மீட்டர் சொச்சம் வரும், 10-ல 13 மீட்டருக்கு மேல வரும். சந்து சந்தா இருக்குற பழைய ஊருக்குப் போறீங்கன்னா 10-18 இல்லாம பாதி ஓவியம் பாதியாத்தான் கிடைக்கும்.

சாயுறது லென்ஸ் குறை இல்லீங்க, கேமராவை மேல பாத்து தூக்குனா சென்சாரும் சுவரும் இணையா இல்லாம போயிடுது, எந்த லென்ஸ் போட்டாலும் அது வரும். சரி கேமராவை நேரா பிடிக்கிறேன்னா அதுலயும் ஒரு சிக்கல், ஃப்ரேம்ல பாதி உங்க கண் மட்டத்துக்குக் கீழ போயிடும், அதாவது தரைக்கு. அதே 6 மீட்டர்ல 10 மி.மீ. போட்டு கேமராவை செங்குத்தா பிடிச்சாக்கூட சுவர்ல எட்டரை மீட்டர் உயரம் வரைக்கும்தான் எட்டும், நாலு மாடிச் சுவருக்கு பத்தாது. எதிர்ல மாடிப்படியோ மேம்பாலமோ இருந்தா ஏறிடுங்க, சுவரோட நடு உயரத்துக்கு நீங்க வந்துட்டா பாதிப் பிரச்சனை அங்கயே தீந்துரும். சாயாம எடுக்குறதுக்குன்னே ஷிஃப்ட் லென்ஸ் இருக்கு, கேமராவைத் தூக்காம லென்ஸை மட்டும் மேல நகத்தலாம், கேனான்ல டிஎஸ்-இ 24, நிக்கான்ல பிசி-இ 24, ஆனா ரெண்டுமே கனம், ட்ரிப்புக்கு வேணாம். சுத்தி நல்லா இடம் விட்டு எடுத்துட்டு அப்புறம் லைட்ரூம் சாஃப்ட்வேர்ல நிமித்திக்கலாம், நிமித்தும்போது ஓரம் வெட்டுப்படும், அதுக்குத்தான் இடம் விடச் சொல்றேன்.

23 பிரைம் வேணாம். சுவரோவியத்துக்கு எப்படியும் லென்ஸ் துவாரத்தைச் சுருக்கி எஃப் 8-ல தான் எடுக்கப் போறீங்க, ஓரம் வரைக்கும் ஷார்ப்பா வரணும்ல, அந்த எஃப் 8-ல உங்க கிட் லென்ஸே நல்லா கொடுக்கும். 10-18, 18-55, அவ்வளவுதான்.

தூரப்பார்வை:
நான் இதுக்கு நேர் எதிர்க் கட்சி. வைட் போட்டா முகமெல்லாம் ஓரத்துல இழுபட்டு ஓவியனோட உழைப்பே கெட்டுப்போகுதுங்கிறது என் எண்ணம். 55-250 எடுத்துட்டுப் போங்க, தெருமுனையில இருந்து எடுங்க, தூரத்துல இருந்து எடுத்தா கேமராவை ரொம்ப தூக்க வேண்டியதில்ல, சாயுறதும் குறையும். தவிர சுவரை மட்டும் வெட்டி எடுத்தா அது எந்த ஊர்ச் சுவர்னே தெரியாது, மின்கம்பி, ஜன்னல்ல காயுற துணி, கீழ நடந்துபோற ஆள் எல்லாம் சேந்தாத்தான் அந்த ஓவியம் எவ்வளவு பெருசுன்னே புரியும். பினாங்கு ஜார்ஜ் டவுன்ல எர்னஸ்ட் சக்காரெவிச் 2012-ல வரைஞ்ச ரெண்டு குழந்தைங்க சைக்கிள் ஓட்டுற ஓவியம் இருக்குல்ல, அதுல சைக்கிள் நிஜ சைக்கிள், சுவரை விட்டு வெளிய நிக்குது. அதை வைட்ல பக்கத்துல போய் எடுத்தா சைக்கிள் பெருசா குழந்தைங்க சின்னதா தெரியும், தள்ளி நின்னு 50-ல எடுத்தாத்தான் ரெண்டும் ஒண்ணா ஒட்டும்.

செங்கல்சுவர்:
சைக்கிள் விஷயம் ரொம்ப சரி. ஆனா முகம் இழுபடும்ங்கிறதை மட்டும் ஒத்துக்க மாட்டேன். நேர்கோட்டை வளைச்சுக் காட்டுற ஃபிஷ்ஐ இல்லாத சாதாரண வைட்ல, தட்டையான சுவருக்கு நேரா, இணையா நின்னு எடுத்தா வரைஞ்ச முகம் ஓரத்துல இருந்தாலும் அளவு மாறாது. இழுபடுறது சுவத்துக்கு முன்னாடி நிக்கிற நிஜ ஆளும் வண்டியும்தான், அதுங்களுக்கு கனபரிமாணம் இருக்குல்ல. வைட் போட்டா ஆளை ஃப்ரேமுக்கு நடுவுல நிறுத்துங்க.

நிழல்வெளி:
லென்ஸ் பத்தி ரெண்டு பேரும் சொல்லிட்டாங்க, நான் வெளிச்சம் பத்தி மட்டும் சொல்றேன், எனக்கு அதுதான் பெருசு. சுவர் முழுக்க நிழல்ல இருக்கணும் இல்ல முழுக்க வெயில்ல இருக்கணும், மர நிழல் குறுக்க விழுந்து பாதி கருப்பு பாதி வெள்ளையா இருந்தா எந்த லென்ஸும் காப்பாத்தாது. முழு நிழல் வேணும்னா கிழக்கு பாத்த சுவருக்கு மதியத்துக்கு மேல போங்க, மேற்கு பாத்ததுன்னா காலைல. மேகமூட்டமா இருந்தா கலர் அப்படியே வரும், அன்னிக்கு ரூம்ல உக்காராதீங்க! பளபள பெயிண்ட்ல வானம் அடிக்குதேன்னு பளபளப்பைக் குறைக்கிற போலரைசர் ஃபில்டர் மாட்டுவாங்க, நேரா எதிர்ல நின்னா அதுனால பெரிய பிரயோஜனம் இல்ல, நல்லா பக்கவாட்டுல போய் சாய்வா பாத்தாத்தான் அது வேலை செய்யும். ஒயிட் பேலன்ஸை (கலர் சாயலைச் சரிபண்ற செட்டிங்) ஆட்டோல விடாதீங்க, ஃப்ரேம் முழுக்க நீலச் சுவர்னா கேமரா ஏமாந்து மஞ்சளை ஏத்திடும். ரா ஃபைலா எடுங்க, கலரை அப்புறம் மாத்திக்கலாம்.

வழிப்போக்கன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, 10-18 வாங்குறேன், கிட் லென்ஸோட. ரொம்ப நீளமான சுவர்னா என்ன பண்றது, பெர்லின் சுவரோட மிச்சத்துல வரைஞ்ச ஈஸ்ட் சைட் கேலரி 1.3 கிலோமீட்டர்னு சொல்றாங்க. அப்புறம் எடுத்த படத்தை பிரிண்ட் போட்டு விக்கலாமா?

செங்கல்சுவர்:
நீளச் சுவருக்கு ஒரே இடத்துல நின்னு கேமராவைத் திருப்பாதீங்க, சுவத்துக்கு இணையா நடந்துக்கிட்டே ஒவ்வொரு படத்துலயும் மூணுல ஒரு பங்கு முந்தின படத்தோட சேந்து வர்ற மாதிரி எடுங்க, தட்டையான சுவர்னா அழகா ஒட்டிக்கும். நடுவுல கம்பமோ வண்டியோ நின்னா அது மட்டும் ரெட்டை ரெட்டையா வரும், அந்த இடத்தை கொஞ்சம் பாத்து எடுங்க.

விக்கிறது நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனில பொது இடத்துல நிரந்தரமா இருக்குற ஓவியத்தை தெருவுல நின்னு எடுத்து விக்க சட்டம் இடம் கொடுக்குது. பிரிட்டன்ல அந்த விலக்கு கட்டடம், சிற்பம் மாதிரி விஷயத்துக்குத்தான், சுவரோவியத்துக்குக் கிடையாது. அமெரிக்காவுல கட்டடத்துக்கு மட்டும்தான். அதனால விக்கணும்னா வரைஞ்சவர்கிட்ட கேட்டுருங்க. நிறைய ஓவியத்துல கீழ் மூலையில பேரோ இன்ஸ்டா ஐடியோ இருக்கும், அதையும் தனியா ஒரு படம் எடுத்து வச்சுக்கோங்க, சும்மா போஸ்ட் போட்டாலும் அவர் பேரைப் போட அது வேணும்.