மிருதங்கத்துக் கரணை: அறிவியலா, தொழில்நுட்பமா, கலையா?

கடைசிபெஞ்ச்

இயற்பியல் மூன்றாம் வருடம் படிக்கிறேன். பத்தாவது வரை மிருதங்கம் கற்றுக்கொண்டேன். அப்புறம் கோச்சிங் என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். (கோச்சிங்காலும் ஒன்றும் ஆகவில்லை, அது தனிக் கதை.)

இந்த செமஸ்டரில் வட்டச் சவ்வின் அதிர்வு பாடமாக வந்தது. ஒரே சீரான தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30, 2.65 என்ற விகிதத்தில் போகும். ஒன்றோடொன்று சேராத எண்கள். அதனால் சத்தம் வரும், சுருதி நிற்காது. ஆனால் மிருதங்கத்தின் வலந்தலை (வலப்பக்கத் தோல்) தம்புராவோடு அப்படியே ஒட்டிக்கொள்கிறது. அதன் நடுவில் பூசியிருக்கும் கறுப்பு வட்டமான கரணைதான் காரணம் என்று சி.வி. ராமனும் சிவகாளி குமாரும் 1920-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். 1934-ல் ராமன் இன்னும் விரிவாக எழுதினார். கரணையின் கனத்தால் அந்த விகிதம் ஏறக்குறைய 1, 2, 3, 4, 5 ஆகிவிடுகிறது.

இங்கேதான் எனக்கு இடிக்கிறது. ராமனுக்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே கரணை போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இந்தக் கணக்குக்கு வேண்டிய பெசல் சார்பு தெரியாது. ஆனாலும் விடை சரியாக வந்திருக்கிறது. அவர்கள் செய்ததற்கு என்ன பெயர்? வகுப்பில் கேட்டேன். "கோட்பாடு இல்லையென்றால் அறிவியல் இல்லை, அது கைத்திறன்" என்று சொல்லி சார் அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. பூசுவது, தட்டிக் கேட்பது, சுரண்டுவது, மறுபடி பூசுவது, இதைத்தானே நாங்களும் லேபில் செய்கிறோம்? எங்களுக்கு ரீடிங் எழுத நோட்டு இருக்கிறது, அவர்களுக்குக் காது இருந்தது. எங்கள் நோட்டை மதிப்பெண் போட்டதும் யாரும் திறப்பதில்லை. அந்தக் காதோ மகனுக்கும் மருமகனுக்கும் போயிருக்கிறது.

நான் உணர்ச்சிவசப்பட்டுப் பேசுகிறேனா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூட்டுக்காரர்

தம்பி, எங்கள் வீட்டில் இதுதான் தொழில். கரணை என்றால் ஏதோ ஒரு தடவை பூசிவிடுவது என்று பலர் நினைக்கிறார்கள். இரும்புச் சத்துள்ள கல்லை இடித்து, துணியில் சலித்து, வடித்த சோற்றோடு சேர்த்துப் பிசைய வேண்டும். அதில் சுண்டைக்காய் அளவு எடுத்து நடுவில் தேய்த்து, வழவழப்பான கல்லால் ஈரம் போகும்வரை உரச வேண்டும். அப்புறம் அடுத்த பூச்சு. மேலே போகப்போக வட்டம் சுருங்கும். உரசும்போதே மயிரிழை மாதிரி வெடிப்பு விழும். பார்ப்பவர்கள் கெட்டுவிட்டது என்பார்கள். அந்த வெடிப்பு விழாவிட்டால் கரணை ஓடு மாதிரி இறுகிப்போய்த் தோலை ஆடவிடாது. எப்போது நிறுத்துவது என்று அப்பா ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. ஒவ்வொரு பூச்சுக்கும் தட்டுவார், தலையைச் சாய்ப்பார், அவ்வளவுதான்.

இன்னொன்று. மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் பெயர் ஊருக்கே தெரியும். அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்து பெயர் எத்தனை ரசிகர்களுக்குத் தெரியும்? பசு, ஆடு, எருமை மூன்று தோலிலும் கைவைக்கிற வேலை. கலை என்று நீங்கள் சொன்னால் சந்தோஷம்தான். ஆனால் கலைஞர் என்று எங்களை மேடையில் யாரும் கூப்பிடுவதில்லை.

பழைய_வாத்தியார்

உங்கள் சார் சொன்னதை முழுக்கத் தள்ளிவிடாதீர்கள். ராமன் கூடுதலாகச் செய்தது என்ன என்று பாருங்கள். தோல்மேல் நுண்மணலைத் தூவித் தட்டினால், அசையாத கோடுகளில் மணல் ஒதுங்கும். அதை வைத்து ஒன்பது அதிர்வு முறைகளை (தோல் ஆடும் விதங்களை) ஐந்து சுரங்களாக அடுக்கினார். முதலிரண்டு சுரங்களுக்கும் தலா ஒரு முறை, மூன்றுக்கும் நான்குக்கும் இரண்டிரண்டு, ஐந்துக்கு மூன்று. வெவ்வேறு முறைகள் ஒரே சுரத்தில் வந்து விழுவதைக் காது மட்டும் வைத்துக்கொண்டு பிரித்துச் சொல்ல முடியாது.

காரணமும் எளிது. அடிப்படை அதிர்வில் நடுத்தோல்தான் அதிகம் ஆடுகிறது. அங்கே பாரம் ஏற்றினால் அந்த அதிர்வு நன்றாகத் தாழும். அடுத்த முறையில் நடு அசைவதே இல்லை, அதனால் அது அவ்வளவு தாழ்வதில்லை. 1.59 என்ற இடைவெளி 2-ஐ நோக்கி விரிவது இதனால்தான். கரணை போடுபவர் இந்த விளைவைக் கையில் வைத்திருந்தார். ராமன் அதற்குக் காரணம் சொன்னார். இரண்டையும் ஒரே தராசில் ஏன் வைக்க வேண்டும்?

பக்கவாத்தியம்

வாசிக்கிறவனை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். 'நம்' என்ற அடிக்கு மோதிர விரலைக் கரணை ஓரத்தில் லேசாக வைத்து, ஆள்காட்டி விரலால் விளிம்பில் அடிக்கிறோம். மோதிர விரல் பட்டதும் அடிப்படை ஒலி அடங்கி அடுத்தது மேலே வருகிறது. விரல் கொஞ்சம் நகர்ந்தாலும் 'நம்' செத்துவிடும். தொப்பிக்கு (இடப்பக்கத் தோலுக்கு) ரவையைப் பிசைந்து அப்புவதும் கச்சேரிக்குக் கச்சேரி நாங்கள்தான். ஏசி ஹாலில் தோல் காய்ந்து சுருதி ஏறும், மழைநாளில் இறங்கும். வித்வான் ஆலாபனையில் இருக்கும்போதே கல்லை எடுத்துத் தட்டிச் சரிசெய்ய வேண்டும். இதற்கு எந்த டிபார்ட்மெண்டில் பட்டம் தருகிறார்கள்?

கடைசிபெஞ்ச்

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா, 'தராசு' நியாயம்தான். ஆனால் தராசை முதலில் எடுத்தது எங்கள் வகுப்பு, நான் இல்லை! ஒன்பது முறைகளைக் காதால் பிரிக்க முடியாது என்பதை ஏற்கிறேன். எல்லாம் வந்து சேர்ந்துவிட்டனவா என்பதைக் காதால் அறிய முடிந்திருக்கிறதே, அதைத்தான் நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாமல் தவிக்கிறேன்.

மூட்டுக்கார அண்ணா, ஒரு விண்ணப்பம். அடுத்த தடவை கரணை போடும்போது பக்கத்தில் உட்கார விடுவீர்களா? ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் போனில் பதிவுசெய்து, அதிர்வெண்களைப் பிரித்து வரைபடம் போட ஆசை. ப்ராஜெக்டுக்கு வைத்தால் முதல் பக்கத்தில் உங்கள் அப்பா பெயர் இருக்கும்.

மூட்டுக்காரர்

தாராளமாக வா. தனியாகச் செய்தி அனுப்பு. மழை விட்டதும்தான் வேலை, ஈரத்தில் கரணை காயாது. அப்பா தட்டிக் கேட்கும்போது மட்டும் வாயைத் திறக்காதே, எழுந்து போய்விடுவார்.