ஜப்பானில் பதிவு செய்த போக்கேன்ச்சி வட்டுகள் இங்கே ஓடவில்லை, வழி உண்டா?

காவிரிக்கரை

எல்லோருக்கும் வணக்கம். 2016 முதல் 2021 மார்ச் வரை நாங்கள் தோக்கியோவில் நிஷிகசாய் பகுதியில் இருந்தோம். மகள் பாலர் பள்ளியும் முதல் இரண்டு வகுப்புகளும் அங்கேதான் படித்தாள். ஞாயிறு காலை எட்டு மணி என்றால் எங்கள் வீட்டில் போக்கேன்ச்சிதான். டிவி தோக்கியோவில் அப்போது வந்த போக்கிமான் நிகழ்ச்சி. கார்ட்டூன் அல்ல. ஷோக்கோ நாகாகாவா, நகைச்சுவைக் கலைஞர் அபரேரு-குன், இசையமைப்பாளர் ஹியாதாய்ன், ஓதானி ரின்கா ஆகியோர் ஒரு வீட்டில் கூடியிருப்பது போல உட்கார்ந்து கேம் ஆடுவார்கள், அட்டை விளையாட்டில் மோதுவார்கள், புதிதாக வரப்போகும் விளையாட்டைப் பற்றிப் பேசுவார்கள். மகள் தோசையைக் கையில் வைத்துக்கொண்டு, அவர்கள் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்லிக்கொண்டு பார்ப்பாள். அவள் ஜப்பானிய மொழியைப் பாதி பள்ளியில் கற்றாள், மீதி அந்த அரை மணி நேரத்தில்.

இப்போது அவளுக்கு 13 வயது. திருச்சியில் இருக்கிறோம். மொழி அவளிடமிருந்து நழுவிக்கொண்டே போகிறது. போன வாரம் அவளாகவே வந்து, "அந்தப் பழைய ஞாயிற்றுக்கிழமை வட்டுகளைப் போடும்மா" என்று கேட்டாள். பரணிலிருந்து எடுத்துப் போட்டால் ஒன்றும் ஓடவில்லை.

இருப்பது இவ்வளவு: ரெக்கார்டரில் நாங்களே பதிவு செய்த 10 டிவிடி, 3 ப்ளூ-ரே, பள்ளி விளையாட்டு விழாவை எங்கள் கேமராவில் எடுத்துப் போட்ட 1 டிவிடி. கூடவே 1 டிபி வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று, அதிலும் நிறைய வாரங்கள் உண்டு. வீட்டு டிவிடி பிளேயர் வட்டு பிழை என்று சொல்லி வெளியே தள்ளுகிறது. மடிக்கணினியில் விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் போட்டால் கறுப்புத் திரை. ஹார்டு டிஸ்க்கைச் செருகினால் "ஃபார்மேட் செய்யவா" என்று விண்டோஸ் கேட்கிறது. கொழுந்தனார், ஃபார்மேட் செய்துவிட்டு ரெக்கவரி மென்பொருள் ஓட்டிப் பார்க்கலாம் என்கிறார். செய்யலாமா?

வைகைமேடு

அக்கா, இது ரீஜன் பிரச்சினை, அதாவது வட்டு உலகின் எந்தப் பகுதியில் ஓடும் என்று குறிக்கும் எண். டிவிடிக்கு ஜப்பான் ரீஜன் 2, இந்தியா ரீஜன் 5. எல்லா ரீஜனும் ஓடும் பிளேயர் ஒன்று வாங்கினால் போதும்.

வட்டுப்பெட்டி

முதலில் ஒன்று. ஹார்டு டிஸ்க்கை ஃபார்மேட் செய்யாதீர்கள். விண்டோஸ் கேட்கும்போதெல்லாம் "வேண்டாம்" கொடுத்து, உருவி எடுத்துவிடுங்கள். காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

வைகைமேடு சொன்ன ரீஜன் எண்கள் சரிதான். ஆனால் அவை கடையில் விற்கும் வட்டுகளுக்குத்தான். வீட்டு ரெக்கார்டரில் எழுதிய வட்டில் ரீஜன் எண்ணே கிடையாது. அதனால் புது பிளேயருக்கு இப்போது காசு செலவழிக்க வேண்டாம்.

இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். விளையாட்டு விழா வட்டு ஓடுகிறதா? அடுத்து, ஒவ்வொரு வட்டையும் கணினியில் போட்டு, உள்ளே என்ன பெயரில் கோப்புறை இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். வீடியோ_டிஎஸ், டிவிடி_ஆர்டிஏவி, பிடிஏவி இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

காவிரிக்கரை

பார்த்துவிட்டேன். விளையாட்டு விழா வட்டு நன்றாக ஓடுகிறது! அதில் வீடியோ_டிஎஸ் இருக்கிறது. போக்கேன்ச்சி டிவிடிகளில் எட்டில் டிவிடி_ஆர்டிஏவி. இரண்டு டிவிடியில் பிடிஏவி என்று இருக்கிறது, டிவிடியில் அது எப்படி வரும் என்று புரியவில்லை. ப்ளூ-ரேயைப் போட்டுப் பார்க்க இங்கே டிரைவ் இல்லை.

வட்டுப்பெட்டி

அப்படியென்றால் உங்கள் பிளேயரிலும் கோளாறு இல்லை, வட்டுகளும் கெட்டுப்போகவில்லை என்றே தோன்றுகிறது. விளையாட்டு விழா உங்கள் சொந்தப் படம், அதற்குப் பூட்டு தேவையில்லை. ரெக்கார்டர் அதைச் சாதாரண டிவிடி முறையில் எழுதியிருக்கிறது, எங்கும் ஓடும்.

டிவியில் வந்தவை அப்படி அல்ல. ஜப்பானில் டிஜிட்டல் ஒளிபரப்பு நகல் கட்டுப்பாட்டோடு வருகிறது. அதை டிவிடியில் எழுத வேண்டுமானால் சிபிஆர்எம் என்ற பூட்டு உள்ள வட்டு வேண்டும், பெரும்பாலும் விஆர் என்ற பதிவு முறையில் எழுதுவார்கள். டிவிடி_ஆர்டிஏவி என்றால் அது விஆர் முறை. வட்டின் உறையைப் பாருங்கள், "சிபிஆர்எம்" என்று அச்சடித்திருக்கும். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பிளேயர்கள் பொதுவாக இந்தப் பூட்டை அறியாதவை. விஎல்சிக்கும் திறக்கத் தெரியாது, அதனால்தான் கறுப்புத் திரை.

டிவிடியில் பிடிஏவி இருப்பது ஏவிசிரெக் என்ற முறை. எச்டி படத்தைச் சுருக்கி, ப்ளூ-ரேயின் அமைப்பிலேயே டிவிடியில் எழுதுவது. அதற்கு அந்த முறை தெரிந்த கருவி வேண்டும்.

பூட்டை உடைக்கும் மென்பொருள்களை யாராவது இங்கே எழுதுவதற்குள் சொல்லிவிடுகிறேன். 2012 திருத்தத்தில் நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ என்ற பிரிவு வந்திருக்கிறது, இப்படிப்பட்ட பூட்டுகளை உடைப்பதைப் பற்றியது. அந்த வழிக்கே போகத் தேவையில்லை. பதிவு செய்த அதே ரெக்கார்டர் இருந்தால் வேலை முடிந்தது. எங்கே அது?

காவிரிக்கரை

ரெக்கார்டர் இருக்கிறது! கப்பலில் வந்த சாமான்களோடு வந்தது. பெட்டியைப் பிரிக்கவே இல்லை. ஜப்பான் கருவியை இங்கே செருகினால் புகைந்துவிடும் என்று ஒருவர் பயமுறுத்தியதால் அப்படியே வைத்துவிட்டோம். வீட்டில் பயண அடாப்டர் ஒன்று இருக்கிறது, அதில் செருகலாமா?

ஒசாகா மேற்குவாசல்

வேண்டாம் அக்கா! பயண அடாப்டர் பின்னின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நம் ஊரில் 230. பயமுறுத்தியவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். இங்கிருந்து ஊருக்கு எடுத்துப்போன அரிசிக் குக்கரை நான் அப்படித்தான் ஒரே நொடியில் இழந்தேன்.

ரெக்கார்டரின் பின்பக்கச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். 100 மட்டும் இருந்தால் மின்னழுத்தத்தைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். கடையில் கேட்டால் பெரும்பாலும் அமெரிக்கக் கருவிகளுக்கான 110 வோல்ட்டைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். "230-லிருந்து 100" என்று அழுத்திக் கேட்டு வாங்குங்கள். இந்தியாவின் 50 ஹெர்ட்ஸ் பற்றிக் கவலை இல்லை. ஜப்பானிலேயே கிழக்கே 50, மேற்கே 60 என்பதால் அங்கே விற்கும் ரெக்கார்டர்கள் இரண்டுக்கும் ஒத்துவரும்.

இன்னொரு விஷயம், கேள்விக்குத் தொடர்பில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போக்கேன்ச்சி என்ற பெயர் எனக்கு அவ்வளவு பிடிக்கும். முழுப்பெயர் "போக்கேமோன் நோ உச்சி அட்சுமாரு?". போக்கிமான் வீட்டில் கூடலாமா என்று பொருள். "நோ உச்சி" என்பது பேச்சில் தேய்ந்து "ன்ச்சி" ஆகிவிடும், நாம் "மாமா வீட்டுக்கு" என்பதை "மாமா வூட்டுக்கு" என்று இழுப்பது போல. பள்ளி விட்டதும் பிள்ளைகள் "உன் வீட்டுக்கு வரட்டுமா" என்று கேட்கும் தொனி அந்தப் பெயரிலேயே இருக்கிறது. உங்கள் மகளுக்கு அது மறந்திருக்காது.

சண்டே காலை

அந்த நிகழ்ச்சி வரிசைக்குப் பெரிய வரலாறே இருக்கிறது. 2002-ல் "வாராந்திர போக்கிமான் ஒலிபரப்பு நிலையம்" என்று ஒன்று வந்தது. 2004 அக்டோபரில் போக்கிமான் சண்டே, 2010-ல் போக்கிமான் ஸ்மாஷ், 2013-ல் போக்கிமான் கெட் டிவி, 2015 அக்டோபரில் போக்கேன்ச்சி, அது முடிந்து 2022 ஏப்ரலில் "போக்கிமானோடு எங்கே போகலாம்". எல்லாம் டிவி தோக்கியோதான். பெயரும் அரங்கமும் மாறிக்கொண்டே இருந்தாலும் ஷோக்கோ நாகாகாவா சண்டே காலத்திலிருந்தே உண்டு. நான் பார்த்து வளர்ந்தது சண்டே. அதில் ரோபர்ட் என்ற மூவர் குழு அடித்த லூட்டி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒரு விளையாட்டுக்காக இத்தனை வருடம், வாரம் தவறாமல் உயிருள்ள மனிதர்கள் கூடிச் சிரித்தார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

ஜப்பானின் இலவச ஓடிடியான டிவர் அந்த நாட்டுக்குள் மட்டும்தான் திறக்கும். அதனால் அக்கா, உங்கள் வட்டுகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

காவிரிக்கரை

சீட்டில் "ஏசி 100 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்" என்று மட்டும்தான் இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் சொல்லியாயிற்று, 100 வோல்ட் என்று மூன்று முறை சொன்னேன். ஹார்டு டிஸ்க் பற்றி அப்புறம் சொல்வதாகச் சொன்னீர்களே, அதைச் சொல்லுங்கள். கொழுந்தனார் இன்னும் விடவில்லை.

வட்டுப்பெட்டி

ஜப்பானிய டிவியோ ரெக்கார்டரோ வெளி ஹார்டு டிஸ்க்கைப் பதிவு செய்துகொள்ளும்போது, அதைத் தன் முறையில் ஃபார்மேட் செய்து, எழுதுவதையெல்லாம் தன் சாவியால் பூட்டிவிடும். விண்டோஸுக்கு அந்த அமைப்பு புரியாது. அதனால் காலியான டிஸ்க் என்று நினைத்து ஃபார்மேட் கேட்கிறது. கேட்டபடி செய்தால் உள்ளே இருப்பது போகும். ரெக்கவரி மென்பொருள் துண்டு துண்டாக எடுத்துக் கொடுத்தாலும் அவை பூட்டிய துண்டுகள்தான், படமாக ஓடாது. மீட்டுத் தருகிறோம் என்று ஆயிரக்கணக்கில் கேட்கும் கடைகளிடமும் கொடுக்காதீர்கள்.

ஆகவே முக்கியமான கேள்வி: அந்த டிஸ்க் எதில் செருகியிருந்தது? ரெக்கார்டரிலா, டிவியிலா? எதில் பதிவு செய்தீர்களோ அந்த ஒரு கருவியில்தான் திறக்கும். அதே கம்பெனியின் அதே மாடல் இன்னொன்று வாங்கினாலும் திறக்காது. சீக்யூவால்ட் என்ற முறையில் எழுதியிருந்தால் மட்டும் வேறு கருவிக்கு மாற்ற இடம் உண்டு. டிஸ்க்கின் மேலேயோ பெட்டியிலோ அந்தப் பெயர் இருக்கிறதா பாருங்கள்.

காவிரிக்கரை

டிவியில். அந்த டிவியைக் கிளம்பும் வாரத்தில் பழைய பொருள் கடைக்குக் கொடுத்துவிட்டோம். சீக்யூவால்ட் என்று எங்கும் இல்லை.

இரண்டு வருட ஞாயிறுகள் அதில் இருந்தன. போக்கிமான் ஸ்வோர்ட், ஷீல்டு விளையாட்டுகள் வெளிவந்த 2019 நவம்பர் வாரங்கள் முழுவதும் அதில்தான். அவள் அப்போது முதல் வகுப்பு. யாரும் முன்பே சொல்லவில்லையே என்று இருக்கிறது.

வட்டுப்பெட்டி

வருத்தமாக இருக்கிறது அக்கா. ஊர் மாறும் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான், ஆனால் கிளம்பும் அவசரத்தில் யாருக்கும் நினைவு வராது. இதைப் படிக்கும் ஜப்பான் வாசிகள் தயவுசெய்து கவனியுங்கள்: டிவியைக் கொடுக்கும் முன், அதில் செருகிய டிஸ்க்கில் இருப்பதை ரெக்கார்டருக்கு மாற்ற அந்த டிவியில் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். டிவி கை மாறிய பின் ஒன்றும் செய்ய முடியாது.

ஆனால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ரெக்கார்டருக்குள்ளேயே ஒரு ஹார்டு டிஸ்க் உண்டு. வட்டில் எழுதினால் உள்ளே இருப்பது அழிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 2008 ஜூலையிலிருந்து அங்கே "டப்பிங் 10" விதி. ஒரு நிகழ்ச்சியை ஒன்பது முறை நகல் எடுக்கலாம், மூலம் உள்ளேயே இருக்கும். பத்தாவது முறைதான் வட்டுக்கு நகர்ந்து, உள்ளே இருப்பது போகும். நீங்களாக அழிக்காவிட்டால் வட்டில் எழுதியவை மட்டுமல்ல, எழுதாமல் விட்டவையும் உள்ளே இருக்கலாம். டிரான்ஸ்ஃபார்மர் வந்ததும் முதலில் பதிவுப் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஆரம்ப அமைப்புக்குத் திரும்பும் எந்தப் பொத்தானையும் தொட வேண்டாம்.

காவிரிக்கரை

டிரான்ஸ்ஃபார்மர் நேற்று வந்தது. மீட்டர் வைத்து 100 வருகிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் செருகினோம். எச்டிஎம்ஐ கம்பியில் இங்குள்ள டிவியோடு உடனே பொருந்திவிட்டது. ஆன்டெனா இல்லை என்று ஒரு செய்தி வந்தது, ரிமோட்டில் "திரும்பு" அழுத்திக் கடந்தோம்.

பதிமூன்று வட்டுகளும் ஓடுகின்றன. ஒரே ஒரு டிவிடி நடுவில் திக்குகிறது, மேலே கீறல்.

அப்புறம் பட்டியலைத் திறந்தோம். நீங்கள் சொன்னபடியே உள்ளே இருக்கின்றன. நான்கு பக்கம்! 2019 நவம்பர் ஞாயிறுகளில் மூன்று அதில் இருக்கின்றன. அந்த மாதம் டிவியிலும் ரெக்கார்டரிலும் இரண்டிலுமே பதிவு போட்டிருந்தோம் என்று கணவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

முதலில் ஓடியதும் மகள் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம் கழித்து அபரேரு-குன் ஏதோ சொன்னதற்கு, பொருள் சொல்லத் தெரியாமலேயே, அவர் முடிக்கும் முன் அவளே முடித்தாள். இன்று காலை எழுந்ததும் "போக்கேன்ச்சி" என்றாள், ஒசாகா தம்பி சொன்ன அதே இழுவையோடு.

இனி உள்ளே இருப்பதை எப்படிக் காப்பது?

வட்டுப்பெட்டி

படித்ததும் எனக்கே மனது நிறைந்தது அக்கா.

இன்றே தொடங்குங்கள், ஏனென்றால் உள் டிஸ்க்குக்கும் வயதாகிறது. 25 ஜிபி ப்ளூ-ரே வெற்று வட்டு வாங்குங்கள். ஒளிபரப்பின் தரத்திலேயே எழுதினால் ஒரு வட்டில் ஏறக்குறைய மூன்று மணி நேரம், அதாவது அரை மணி நிகழ்ச்சி ஆறு பிடிக்கும். 2019 நவம்பரை இரண்டு வட்டில் எழுதி, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். மெனுவில் "நகல்" எடுக்கிறதா, "நகர்த்தல்" செய்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். பட்டியலில் மீதி எண்ணிக்கை காட்டும்.

கீறல் விழுந்த டிவிடியில் இருப்பது உள்ளேயும் இருக்கிறதா என்று தேடுங்கள், இருந்தால் புதிதாக எழுதிவிடலாம். பைனலைஸ் செய்யாத, அதாவது வேறு கருவிகளிலும் ஓடும்படி முடித்துவைக்காத டிவிடி இருந்தால் இப்போதே அதே ரெக்கார்டரில் செய்துவிடுங்கள். பிறகு என்றாவது சிபிஆர்எம் தெரிந்த வேறு பிளேயர் கிடைத்தால் அதிலும் ஓடும். டிரான்ஸ்ஃபார்மர் மேல் துணி போடாதீர்கள், சூடாகும்.

ஒசாகா மேற்குவாசல்

டிசம்பரில் திருச்சி வருகிறேன் அக்கா. இங்கே பதிவுக்கான வட்டுகள் பத்து பத்தாக அடுக்கி விற்கிறார்கள். எத்தனை வேண்டும் என்று சொல்லுங்கள், எடுத்து வருகிறேன்.

காவிரிக்கரை

இருபது தம்பி. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையாக இருந்தால் மகள் மகிழ்வாள்.